தடம் மாறும் தொடர்களும் பழைய பாக்கியும்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இது புத்தக விமர்சனம் இல்லை. பி.காம். படிக்கிற ஒருவன் கதைப் புத்தகங்களுக்குக் கணக்கு எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்ற சின்ன முயற்சி. இலக்கியம் தெரிந்த பெரியவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு :-)

விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் ஜெயமோகனின் வெண்முரசு வரிசையைப் படிக்க ஆரம்பித்தான். முதற்கனல், மழைப்பாடல், வண்ணக்கடல் என்று மூன்று நாவல்களைச் சாப்பாட்டு நேரத்தில்கூடக் கீழே வைக்காமல் முடித்தான். நாலாவது நாவல் நீலம். அதில் பத்துப் பக்கம் தாண்டவில்லை.

"அரண்மனை, சூழ்ச்சி, வில்வித்தைன்னு சூப்பரா போயிட்டிருந்துச்சு. திடீர்னு பாட்டு மாதிரி ஆயிடுச்சுடா. ஏமாத்திட்டாங்க" என்றான். அதோடு மூடி வைத்தவன்தான், இன்னும் திறக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். "ஏமாத்திட்டாங்க" என்று சொன்னதுதான் உறுத்தியது. ஏமாற்றுவது என்றால் முதலில் ஒரு வாக்கு கொடுத்திருக்க வேண்டும், பிறகு அதை மீறியிருக்க வேண்டும். ஒரு தொடரின் முதல் புத்தகம் நமக்கு என்ன வாக்கு கொடுக்கிறது? கடைசி வரை இதே சுவையில் பரிமாறுவேன் என்றா?

அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் புதுவயல். சுற்றிலும் அரிசி ஆலைகள். அவன் வீட்டிலும் அரிசி வியாபாரம்தான். அதனால் உதாரணமும் அங்கிருந்தே வந்தது. "மூட்டையில பொன்னின்னு போட்டா உள்ள பொன்னிதான் இருக்கணும். அடுத்த மாசம் அதே மூட்டையில இட்லி அரிசியக் கொட்டி அனுப்பினா வாங்கினவன் சும்மா இருப்பானா?"

நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வெண்முரசு படிக்காதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிட்டு என் பதிலைச் சொல்கிறேன்.

வெண்முரசு என்பது மகாபாரதத்தை நாவல் வடிவில் திரும்பச் சொல்லும் வரிசை. 2014 ஜனவரி 1-ல் தொடங்கி, தினம் ஒரு அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து, 2020 ஜூலையில் முடிந்தது. மொத்தம் 26 நாவல்கள், இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். மகாபாரதத்தை ஃபேண்டஸி என்று சொல்லலாமா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பக்தியோடு படிப்பவர்களுக்கு அது வேறு விஷயம். நாகர்களும் சாபங்களும் தெய்வ அஸ்திரங்களும் நடமாடுகிற ஒரு நீண்ட நாவல் தொடர் என்ற அளவில் மட்டும் இங்கே பேசுகிறேன்.

ஃபேண்டஸி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள்ளேயே பல கிளைகள் உண்டு. அரண்மனைச் சூழ்ச்சிக் கதை, ஊர் ஊராகப் போகும் பயணக் கதை, பேயும் இருளுமான கதை, தேவதைக் கதை, பெரும்போர்க் கதை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசிகர்கள். வெண்முரசு இதில் எதிலும் நிலையாக நிற்பதில்லை. மழைப்பாடலில் அஸ்தினபுரி அரசியல். வண்ணக்கடலில் தமிழ்நிலத்திலிருந்து வடக்கே நடந்து போகும் இளநாகனின் பயணம். நீலத்தில் ராதையின் பித்து, கூடவே கம்சனின் கொடூரம். காண்டீபத்தில் சின்னப் பையனுக்குச் சொல்லும் சாகசக் கதை. சொல்வளர்காட்டில் வனவாசம் போன தருமன் ஒவ்வொரு குருகுலமாகப் போய்த் தத்துவம் கேட்கிறான். அடுத்த நாவலான கிராதத்தில் சுடுகாட்டு வாசனையே அடிக்கிறது. திசைதேர் வெள்ளத்தில் தொடங்கி தீயின் எடை வரை நாலு நாவல்கள் குருக்ஷேத்திரப் போர். அதற்குப் பிறகும் நாலு நாவல்கள், போர் முடிந்த வெறுமையைப் பற்றி.

தோழன் சொன்ன கணக்கில் பார்த்தால் ஒரே மூட்டையில் பத்து வகை அரிசி!

இப்போது என் பதில்.

அக்கவுண்டன்சி முதல் வருடத்தில் கன்சிஸ்டன்சி என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிறுவனம் தேய்மானத்தையோ சரக்கு மதிப்பையோ இந்த வருடம் எந்த முறையில் கணக்கிட்டதோ, அடுத்த வருடமும் அதே முறையில்தான் கணக்கிட வேண்டும். இஷ்டத்துக்கு மாற்றினால் லாபம் எது, ஜோடனை எது என்று தெரியாது. நம் நாட்டு முதல் கணக்கியல் தரமான ஏ.எஸ்.1-லேயே இது அடிப்படை அனுமானமாக இருக்கிறது. ஆனால் அதே ஏ.எஸ்.1 இன்னொன்றும் சொல்கிறது. முறையை மாற்றவே கூடாது என்பதில்லை. மாற்றினால், அதனால் கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வருமானால், மாற்றியதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

முறை எப்படி மாறினாலும் மாறவே கூடாத ஒன்று உண்டு. போன வருடத்தின் குளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருடத்தின் ஓப்பனிங் பேலன்ஸ். பேரேட்டில் ஒரு பக்கம் நிறைந்தால் அதன் கூட்டுத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். இது எங்கள் பக்கத்து வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த விஷயம். புது நோட்டு போட்டாலும் பழைய பாக்கி பாக்கிதான்.

கதைத் தொடருக்கும் நான் வைக்கிற சோதனை இதுதான். வகை மாறட்டும், மொழி மாறட்டும். பழைய பாக்கி அடுத்த புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததா? வந்திருந்தால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இந்தச் சோதனையை நாலு இடத்தில் போட்டுப் பார்ப்போம்.

1. இரும்புக்கை மாயாவி

நம் அப்பாக்கள் காலத்து ஹீரோ. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே இவர்தான். பிரிட்டனில் 1962-ல் வேலியண்ட் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இந்த ஒரு ஐடியாவை வைத்துக்கொண்டு அந்தத் தொடர் எத்தனை வேஷம் போட்டது பாருங்கள். ஆரம்பத்தில் அவர் குற்றவாளி, விஞ்ஞானம் தலைக்கேறிய ஆள். பிறகு நல்லவர். பிறகு நிழற்படை உளவாளி. நடுவில் கொஞ்ச நாள் தனி உடுப்பு மாட்டிய சூப்பர் ஹீரோ!

பையன்களுக்கு எல்லாமே பிடித்தது. ஆனால் என் சோதனையில் இது பாஸ் ஆகாது. ஒவ்வொரு மாற்றத்திலும் கை மட்டும் பத்திரமாக அடுத்த கதைக்கு வந்தது. அந்தக் கையால் முதலில் செய்த குற்றங்களின் பாரம் போகப் போகக் காணாமல் போனது. சொத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடனைத் தள்ளுபடி செய்த கணக்கு. அதனால்தான் எந்தக் கதையை முதலில் படித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. படிக்க ஜாலிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மனதில் தங்குவது கைதான், ஆள் இல்லை.

2. ஹாரி பாட்டர்

முதல் புத்தகம் வந்தது 1997-ல். பள்ளிக்கூடத்தில் ஒரு மர்மம், பறக்கும் துடைப்பத்தில் விளையாட்டு, கடைசியில் ஹவுஸுக்குப் பாயிண்ட். நாலாவது புத்தகத்தின் முடிவில் (2000) கூடவே போட்டிக்கு வந்த ஒரு மாணவன் செத்து விழுகிறான். அந்த இடத்தில் பள்ளிக்கூடக் கதை உடைந்துவிடுகிறது. ஏழாவதில் (2007) மூன்று பேரும் பள்ளிக்கே போவதில்லை, காட்டில் கூடாரம் போட்டு ஒளிந்து திரிகிறார்கள். இந்தப் புத்தகம் போர்க் கதை.

யாராவது "ஏமாத்திட்டாங்க" என்றார்களா? பெரும்பாலும் இல்லை. நெற்றித் தழும்பு முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்பா அம்மாவைக் கொன்றவன் இன்னும் முழுதாகச் சாகவில்லை என்பதும் முதல் புத்தகத்திலேயே சொல்லப்பட்ட பாக்கி. ஆறு வருடம் அந்தப் பாக்கிக்கு வட்டி ஏறியது, ஏழாவது வருடம் கடன்காரன் வாசலுக்கு வந்துவிட்டான். அவ்வளவுதான்.

3. கம்பராமாயணம்

இங்கே என்னடா கம்பர் என்று கேட்காதீர்கள். காரைக்குடிப் பக்கத்துக்காரன் கம்பரை இழுக்காமல் இருந்தால்தான் தப்பு. சா.கணேசன் 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து இங்கே கம்பன் விழா என்றால் ஊருக்கே ஒரு திருவிழா. நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி வேறு பக்கத்திலேயே இருக்கிறது.

ஆறு காண்டங்களையும் வகை பிரித்துப் பாருங்கள். பாலகாண்டம்: முனிவரோடு காட்டுக்குப் போன இரண்டு பையன்களின் சாகசம். அயோத்தியா காண்டம்: ஒரே அரண்மனைக்குள் ஒரே இரவில் நடக்கும் குடும்ப அரசியல். ஆரணிய காண்டம்: அரக்கர்களும் மாய மானும் திரியும் பயங்கரக் காடு. கிட்கிந்தா காண்டம்: அண்ணன் தம்பி அரியணைச் சண்டை. சுந்தர காண்டம்: தனி ஆளாகக் கடல் தாண்டி எதிரியின் நகரத்தில் இரவில் வேவு பார்க்கும் கதை. யுத்த காண்டம்: பேரிலேயே இருக்கிறது.

ஆறும் ஆறு ரகம். சுந்தர காண்டத்தை மட்டும் தனியாகப் பாராயணம் செய்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. என்றாலும் ராமாயணம் நடுவில் தடம் மாறிவிட்டது என்று யாரும் புகார் சொன்னதில்லை. பாக்கி சரியாக வந்து சேர்வதுதான் காரணம். கைகேயி கேட்ட இரண்டு வரங்களும் அன்று முளைத்தவை இல்லை, என்றோ தசரதன் கொடுத்து வைத்துத் தீர்க்காமல் விட்ட பாக்கி. கூனி ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்குக் கம்பர் இன்னொரு காரணமும் சொல்கிறார். ராமன் சிறுவயதில் விளையாட்டாக அவள் மேல் மண் உருண்டை எய்திருக்கிறான். அவன் மறந்திருப்பான். அவள் கணக்கில் அது இருந்தது. ஒரு குழந்தை விளையாட்டின் பாக்கி அரண்மனை அரசியலுக்கு வந்து, அங்கிருந்து காட்டுக்குப் போய், கடல் தாண்டிப் போர்க்களத்தில் முடிகிறது. வகை மாறிக்கொண்டே இருக்கிறது, பேரேடு ஒன்றுதான்.

4. மறுபடியும் வெண்முரசு

முதற்கனல் ஜனமேஜயனின் பாம்பு வேள்வியில் தொடங்கி அம்பையிடம் வருகிறது. பீஷ்மரால் வாழ்க்கை சிதைந்த பெண். அவளுடைய சினம் முதல் நாவலில் தீரவில்லை. அது தீருவது பீஷ்மர் களத்தில் விழும் திசைதேர் வெள்ளத்தில், அதாவது பத்தொன்பதாவது நாவலில்! நடுவில் கதை எத்தனை வேஷம் மாற்றினாலும் அந்தப் பாக்கி தள்ளுபடி ஆகவில்லை.

தோழன் மூடி வைத்த நீலத்துக்கு வருவோம். அவன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று நாவல்களில் பழகிய வாசகனை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்த மொழிக்குள் தள்ளிவிடுகிறது நீலம். ஏ.எஸ்.1 கணக்கில் வெளிப்படைத்தன்மைக்கு மார்க் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

மறுபாதியையும் சொல்கிறேன். நீலத்தை எடுத்துவிட்டு மீதி இருபத்தைந்தையும் படித்தால் கண்ணன் யார்? கெட்டிக்கார அரசியல்வாதி, தூது போகிறவன், போரை நடத்திக் கொடுக்கிறவன். அவ்வளவுதான் மிஞ்சும். அந்தக் கண்ணனுக்கு ஒரு காலத்தில் ஆயர்பாடியும் ராதையும் புல்லாங்குழலும் இருந்தன என்பது வாசகனின் உடம்பில் ஏறியிருந்தால்தான், இருபத்தைந்தாவது நாவலான கல்பொருசிறுநுரையில் யாதவ குலமே அடித்துக்கொண்டு அழியும்போது அது ஏதோ ஒரு நாட்டின் வீழ்ச்சியாக இல்லாமல் நம் வீட்டு இழவாக ஆகும். அந்த அன்பை அரண்மனைச் சூழ்ச்சிக் கதையின் மொழியில் எழுதியிருக்க முடியுமா? என்னைக் கேட்டால் முடியாது. அந்தத் தொகையை வரவு வைக்க அந்த நோட்டுதான் வேண்டும்.

அரிசி மூட்டைக்கு இதுதான் பதில். அரிசியை வாங்குகிறவன் நேற்று சாப்பிட்ட அதே சோற்றை இன்றும் சாப்பிட விரும்புகிறான், நியாயம். பசி தினமும் ஒரே மாதிரி வருகிறது. கதை படிக்கிறவன் அப்படி இல்லை. முதல் புத்தகத்தைப் படித்தவனும் நாலாவதைத் திறக்கிறவனும் ஒரே ஆள் கிடையாது. நடுவில் அவனுக்கு வயது ஏறியிருக்கிறது, ஒரு சாவு வீட்டுக்காவது போய் வந்திருக்கிறான், யாரையாவது பிடித்திருக்கிறது, அரியர் விழுந்திருக்கிறது. ஆள் மாறியிருக்கும்போது புத்தகம் மட்டும் அதே இடத்தில் நின்றால்?

நின்ற ஒரு தொடர் நம்மிடமே இருந்தது. அம்புலிமாமா! 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை. அதில் வந்த விக்கிரமாதித்தன்-வேதாளம் கதைகளும், விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அந்த சங்கர் ஓவியமும் தெரியாத வீடு அந்தக் காலத்தில் இருந்திருக்காது. மாதா மாதம் வேதாளம் கதை சொல்லும், புதிர் போடும், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டும், அவன் வாய் திறந்ததும் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். பல பத்து வருடங்கள் ஒரு இம்மி மாறவில்லை. பாக்கி என்று எதுவுமே கிடையாது, மாதா மாதம் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதனால் எந்த மாதமும் யாரும் உள்ளே வரலாம். அதே காரணத்தால் எல்லோரும் ஒரு வயதில் வெளியே போனார்கள். எட்டு வயதில் வந்தவன் பன்னிரண்டு பதிமூன்றில் கிளம்பிவிட்டான். வேதாளம் அவனோடு வரவில்லை, அது முருங்கை மரத்திலேயே இருந்துவிட்டது. இன்று அந்தப் பத்திரிகையும் இல்லை.

இதில்தான் எனக்கு உண்மையான கவலை. பன்னிரண்டு வயதில் அம்புலிமாமாவையோ காமிக்ஸையோ விட்டு வெளியே வரும் ஒரு தமிழ்ப் பையனுக்கு, பெண்ணுக்கு, அடுத்து ஏற ஒரு படி வேண்டும். அந்தப் படி இல்லாததால்தான் பாதிப் பேர் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள், மீதிப் பேர் இங்கிலீஷ் ஃபேண்டஸிக்குப் போய்விடுகிறார்கள். என் வகுப்பிலேயே எண்ணிப் பார்த்துவிட்டேன், கதைப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு கை விரல்கள் போதும். அவர்களிலும் பாதிப் பேர் படிப்பது இங்கிலீஷில்.

வாசகனோடு சேர்ந்து வயதாகிற தொடர்கள் தமிழில் நிறைய வேண்டும். பத்து வயதில் மாயாஜாலமாகத் தொடங்கி, பதினைந்தில் சாகசமாகி, இருபதில் கேள்வியாக மாறுகிற தொடர்கள். வயதாகிற தொடர் வகை மாறித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறை மாறும்போதும் "போன தடவை மாதிரி இல்லையே" என்று வாசகர்கள் முகம் சுளித்தால் எழுதுகிறவர் என்ன செய்வார்? போன தடவை மாதிரியே இன்னொன்று எழுதுவார். பதிப்பாளரும் அதைத்தான் கேட்பார். வியாபாரத்தில் அது பாதுகாப்பு. நான் படிக்கிற பாடமே அதுதான் என்பதால் இந்த ஆபத்து எனக்கு நன்றாகவே புரிகிறது :-)

அதற்காக எழுத்தாளர்கள் என்ன செய்தாலும் கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. தொடர் திடீரென்று தடம் மாறினால் இரண்டு கேள்வி கேளுங்கள். போன புத்தகத்தில் யாருக்கு என்ன பாக்கி நின்றது? இந்தப் புத்தகம் அதை எங்கே எழுதியிருக்கிறது? அந்த வரியை எங்கேயும் காணோம் என்றால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். வரி இருந்தால் பத்துப் பக்கத்தில் மூடாதீர்கள். ஐம்பது பக்கமாவது கொடுங்கள். புது மொழி காதுக்குப் பழக அவ்வளவு நேரமாவது ஆகும்.

தோழனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, நீலத்தைத் தாண்டிட்டு அஞ்சாவதுக்குப் போறேன்" என்றான். போகலாம், தப்பில்லை. ஒவ்வொன்றையும் தனி நாவலாகவும் படிக்க முடிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார். ஆனால் கல்பொருசிறுநுரைக்கு வரும்போது ஒரு பெரிய தொகை பொருந்தாமல் நிற்கும். அப்போது பேரேட்டைத் திருப்பிக்கொண்டு நாலாவது நோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

நீங்கள் பாதியில் மூடி வைத்த தொடர் எது? எந்த இடத்தில் மூடினீர்கள்? அங்கே பாக்கி நின்றதா, தள்ளுபடி ஆனதா? யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.